சந்தாதாரரைக் கேட்காமல் உரிமம் புதுப்பிக்கலாமா?



எம்.எஸ்.ஓ. எனப்படும் கேபிள் விநியோக நிறுவனங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2023-இல் திருத்தியது. பதிவு 10 ஆண்டுகளுக்கு. புதுப்பித்தால் மேலும் 10 ஆண்டுகள். கட்டணம் 1 லட்சம் ரூபாய்.

சரி, மாதாமாதம் பணம் கட்டும் நாம் இதில் எங்கே? படம் எத்தனை நாள் உறைந்து நின்றது, புகாருக்கு ஆள் வந்தாரா என்று நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மின்கட்டணம் உயர்த்தக்கூட ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறதே!

பதிவு முடிய 7 மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். 2 மாதத்துக்கு முன்பு கொடுத்தாக வேண்டும். இடைப்பட்ட 5 மாதத்தில் மாவட்டத்துக்கு ஒரு கூட்டம் நடத்த முடியாதா? தனியாருக்கும் அரசு கேபிளுக்கும் இதே நியாயம்தான்.

தேர்வுக் கட்டணம் கட்டியதற்காக நான் யாருக்கும் தேர்ச்சி போட்டதில்லை. விடைத்தாளையும் பார்க்க வேண்டும்.