ஒன்றரைக் குன்றிமணி மருந்து

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் இருக்கும் தமிழன்பர்; என்ஜினீயர். பெயர் வேண்டாம். என்னுடைய நாவலில் பென்ஸில்வேனியாக் கிழவர் ஒருவர் வருகிறார் அல்லவா, வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தம் ரிவால்வருக்குத் தாமே தோட்டா அடைத்துக்கொள்கிறவர், அவரைப் பற்றித்தான் கடிதம். அந்தக் கிழவர் கடையிலே நின்று, சிக்கனமான மருந்தை ஒதுக்கிவிட்டு, சீக்கிரம் தீர்ந்துபோகும் மருந்தை வாங்கி வருவதாக எழுதியிருந்தேன். விவரம் தெரிந்தவன் எவனும் அப்படிச் செய்யமாட்டானாம். குறைந்த அளவில் நிறைந்த வேலை செய்வதுதான் நல்ல மருந்தாம். "நாவலாசிரியர்கள் காதலோடு நிறுத்திக்கொண்டால் என்ன?" என்றும் கேட்டிருக்கிறார்.

காதலைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அந்த மருந்து விஷயம் அதைவிட நன்றாகத் தெரியும். ஆகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இந்தச் சமாசாரமே புதிதாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டாச் செய்வது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அது நம் வீட்டு ஊறுகாய் மாதிரி. சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூட்டை எறிய மாட்டார்கள். பொறுக்கி வந்து, துடைத்து, பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் புதுக் கேப்பு பொருத்தி, மருந்து போட்டு, மேலே ஈயக்குண்டை அழுத்தி உட்கார்த்திவிட்டால் மறுபடியும் தோட்டா. ஓய்வு பெற்ற உபாத்தியாயர்கள், தபால்காரர்கள், தச்சர்கள், எல்லாரும் செய்கிறார்கள். அங்கே குளிர்காலம் நீளம். மாலைப் பொழுதும் நீளம். இந்த நான்கு சாமான்களில் மூன்றைப் பார்த்தால் இன்னதென்று தெரியும். நான்காவதான மருந்துதான் பார்வைக்குப் பிடிபடாதது. சாம்பல் நிறத்தில் சீவல், குருணை, சின்னக் குழல் என்று பல ரூபங்களில் இருக்கும். இரண்டு டப்பா மருந்தைக் கையில் கொட்டி இது எது, அது எது என்று சொல்ல அதைச் செய்தவனாலேயே முடியாது.

'மருந்து' என்று இதற்கு நம்மவர் பெயர் வைத்திருக்கிறார்களே, அதை நினைத்து நான் பல தடவை வியந்திருக்கிறேன். வேளைக்கு இவ்வளவு என்று கணக்குள்ள பொருள் அது. அமெரிக்கர்களும் இதைப் பழைய கம்பவுண்டர் கணக்கில்தான் நிறுக்கிறார்கள். கிரெய்ன் கணக்கு, ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். தலைவலிக்குத் தின்ற ஆஸ்பிரின் மாத்திரை 5 கிரெய்ன். கிழவருடைய ரிவால்வர் தோட்டாவுக்கு என்ஜினீயர் சிபாரிசு செய்யும் வேக மருந்து சுமார் 3 கிரெய்ன். பொற்கொல்லர் கணக்கில் சொன்னால் ஒன்றரைக் குன்றிமணி. இதில் ஒரு குன்றிமணி கூடினால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் வழக்கு.

அதற்கு அந்தக் கூட்டின் சரித்திரம் தெரிந்தாக வேண்டும். கிழவரிடம் இருப்பது .38 ஸ்பெஷல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த தோட்டா, கரிமருந்துக்காகப் பிறந்தது. கரி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த அந்தப் பழைய மருந்தில் 21 கிரெய்ன் போட்டுத்தான் அதைச் செய்தார்கள். மருந்தைப் போட்டுக் குண்டை வைத்தால் கூட்டில் இடமே மிஞ்சாது. நிறுக்க வேண்டிய அவசியம்கூட அதிகமில்லை, கூடுதான் படி. கை தவறி இரண்டு தடவை கொட்டினால் கீழே வழிந்துவிடும். மேஜைதான் அழுக்காகும், மனிதன் பிழைப்பான்.

இதற்கிடையில் பிரெஞ்சுக்காரர் பால் வியேல் 1884-ல் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள். பிறகு அதோடு நைட்ரோகிளிசரினையும் சேர்த்தார்கள். (ஊட்டி ரயிலில் போனவர்கள் குன்னூர் தாண்டி அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள், அங்கே வெள்ளைக்காரன் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை வைத்தது இந்த வகை மருந்துக்காகத்தான்.) 1898-லேயே அமெரிக்காவில் 'புல்ஸ்ஐ' என்ற கைத்துப்பாக்கி மருந்து வந்துவிட்டது, இன்றும் விற்கிறது. 21 கிரெய்ன் செய்த வேலையை இது 3 கிரெய்னில் செய்யும். கூடு மட்டும் மாறவில்லை. படி பழைய படி, அதில் கால் பங்குகூட நிறையாத புது அரிசி! இரண்டு பங்கு கொட்டினாலும் கூடு வாங்கிக்கொள்ளும். மூன்று பங்கு கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும். மேலே ஒன்றுமே தெரியாது.

புகையற்ற மருந்துக்கு இன்னொரு குணம் உண்டு. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். இரண்டு பங்கு மருந்துக்கு அழுத்தம் இரண்டு பங்கோடு நிற்காது. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்க உற்பத்தியாளர்கள் வைத்திருக்கும் எல்லை சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. எல்லை என்றால் வாசற்படி அல்ல, மதில் சுவர்.

இப்போது என்ஜினீயரின் சிக்கனத்துக்கு வருகிறேன். கணக்கை அவரே போட்டிருக்கிறார்: அவருடைய வேக மருந்தில் ஒரு பவுண்டுக்கு 2,300 தோட்டாவுக்கு மேல் வரும், கிழவர் வாங்கியதில் 5 கிரெய்ன் பிடிப்பதால் 1,400 தான். வாஸ்தவம். நானும் ஒரு கணக்குப் போடுகிறேன். பவுண்டு 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மருந்தில் தோட்டாவுக்கு ஒன்றே முக்கால் சென்ட் போல ஆகும். இரண்டாவதில் மூன்று சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஐம்பது தோட்டா அடைக்கும் ஒரு மாலைப் பொழுதில் மிச்சம் அறுபது சென்ட் இல்லை. அந்தக் காசுக்கு அங்கே ஒரு கிண்ணம் காப்பி வராது. இதற்காக நான் என் கிழவரின் கண்ணைப் பணயம் வைக்க வேண்டுமாம்!

"ஜாக்கிரதையான மனிதன் ஏன் இரண்டு தடவை கொட்டுகிறான்? குற்றம் கையினுடையது, மருந்தினுடையது அல்ல" என்று கடிதத்தில் ஒரு வரி. இது கேட்க நன்றாயிருக்கிறது. மனிதர்களோடு வசித்தவர்களுக்கு மட்டும் நன்றாயிராது. ஜாக்கிரதையான மனிதனுக்கும் பேரன் உண்டு. பேரன் மாடிப்படியில் நின்று கூப்பிடுவான். டெலிபோன் மணி அடிக்கும். திரும்பி வந்து உட்காரும்போது, கடைசியாக மருந்து போட்டது இந்தக் கூட்டுக்கா, பக்கத்துக் கூட்டுக்கா? இதே மனிதன் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தினசரியைப் படித்தவன்தான். பால் பொங்கினால் தெரியும் என்பதனால்தான் வீட்டில் யாரும் சாகவில்லை. பொங்காத பாலை நம்பாதீர்கள் என்றுதான் நான் சொல்கிறேன்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷங்களுக்கு முன்பு அமெரிக்காவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவர் தம் நிலவறைக்கு அழைத்துப் போனார். என் கிழவர் பிறந்தது அந்த நிலவறையில்தான். சுவர் அலமாரியில் ஒரு ரிவால்வர் இருந்தது. ஆறு அறைச் சுழல் உருளையில் மேல் மூன்று அறைகளைக் காணோம். வாழைப்பட்டையை உரித்தது போல் திறந்து கிடந்தது. மேலே ஓடும் எஃகுப் பட்டை வளைந்து வானத்தைப் பார்த்தது. "இருபத்தெட்டாவது தோட்டா" என்றார் பெரியவர். முதல் இருபத்தேழும் ஒழுங்காகச் சுட்டனவாம். வலது கைச் சுட்டுவிரலை எனக்கு மடக்கிக் காட்ட முயன்றார், பாதிதான் மடங்கியது. அப்போது அவர் உபயோகித்தது எந்த மருந்து என்று நான் எழுதப்போவதில்லை. டப்பாவில் தவறில்லை, அளவு டப்பாவிலும் புத்தகத்திலும் சரியாகத்தான் அச்சாகியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் மருந்து வாங்குவதற்கு வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இரண்டு தடவை போட்டால் எனக்குத் தெரியுமா?" 1900-ல் வந்த 'யூனிக்' என்ற சீவல் மருந்தில் இரண்டு பங்கு விழுந்தால் கூட்டில் முக்கால் வரை ஏறி நிற்கும், குனிந்து பார்க்கிற கண்ணுக்குத் தப்பாது. இந்த நூற்றாண்டில் 'டிரெயில் பாஸ்' என்று ஒன்று செய்தார்கள். நடுவில் துளை போட்ட சின்னச் சின்ன வடைகள் மாதிரி இருக்கும். எடைக்கு மீறி இடத்தை அடைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ரூபம். பழைய கரிமருந்துக் கூடுகளின் காலிப் பள்ளத்தை நிரப்பப் பிறந்த மருந்து. இரண்டு பங்கு கொட்டினால் விளிம்பைத் தொடும். சொல்லப்போனால் நூறு வருஷம் கழித்துப் படியை மறுபடியும் படியாக்கினார்கள். இது எனக்கு விஞ்ஞானத்தின் பின்னடைவாகத் தோன்றவில்லை.

இடம் நிறைக்கிற மருந்துக்குக் குறையே இல்லையென்று நான் சாதிக்கவில்லை. யூனிக்கின் சீவல் பெரிது. அளவுக் கருவியில் ஒரே சீராக இறங்காது, நறநறவென்று தடுக்கும். குறைந்த அளவில் எரித்தால் கரி படியும். புல்ஸ்ஐயோ தண்ணீர் மாதிரி இறங்கும். குறிபார்த்துச் சுடும் பந்தயக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக அதை விடாமல் வைத்திருப்பது சும்மா இல்லை. தினமும் அடைத்து, எதையும் இருமுறை சரிபார்த்துப் பழகியவர்கள் அவர்கள். என் கிழவர் மாதம் ஒரு நாள் உட்காருகிறவர், எழுபது வயது, ஒரு கண்ணில் புரை. மருந்தைத் தேர்ந்தெடுப்பதென்றால் துப்பாக்கிக்கு மட்டுமா தேர்ந்தெடுப்பது? அடைக்கிற கைக்கும் சேர்த்துத்தான்.

நான்கு அங்குலக் குழாய்க்கு எந்த மருந்தும் ஆகும் என்பதும் இல்லை. நீளத் துப்பாக்கியின் மெதுவான மருந்தை இதில் போட்டால் குண்டு வெளியேறின பிறகும் அது பாதி எரியாமல் கிடக்கும். கைத்துப்பாக்கிக்கு வேக மருந்துதான் வேண்டும். அந்த வேக மருந்துகளுக்குள்ளே இடம் நிறைப்பதைப் பார் என்பதுதான் என் கட்சி.

இன்னொரு கோஷ்டியையும் இந்தச் சந்தர்ப்பத்தில் விட மனமில்லை. நம் துப்பறியும் கதைக்காரர்களைச் சொல்கிறேன். கதாநாயகன் ஆத்திரத்தோடு 'இன்னும் ஒரு பிடி மருந்தை அள்ளிப் போடுவான்'. குண்டு சுவரைத் துளைத்துப் போகும். நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்து கெட்டித்த வேட்டைக்காரரின் பாஷை இது. அவருக்கு அது ஓரளவு செல்லும். புகையற்ற மருந்தில் ஒரு பிடி அள்ளிப் போடுகிற கதாநாயகன் அடுத்த அத்தியாயத்துக்கு வரமாட்டான். வந்தாலும் காதலியின் கையைப் பிடிக்க அவனுக்கு விரல் இருக்காது. இந்தக் கதையைப் படித்த ஒரு பையன் சரவெடியை உரித்து எதையாவது கெட்டித்துப் பார்த்தால் யார் பொறுப்பு? அமெரிக்கர்களுக்கும் இந்தப் பலப்பித்து இல்லாமலில்லை. எல்மர் கீத் என்று ஓர் எழுத்தாளர், மாட்டுப் பண்ணைக்காரர். .44 ஸ்பெஷலில் மருந்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தவர். அவருடைய பிடிவாதத்தின் பலனாக 1955-ல் .44 மாக்னம் வந்தது. எல்லாரும் அவருடைய வீரத்தைத்தான் பேசுகிறார்கள். புதுத் தோட்டாவைச் செய்த கம்பெனிக்காரர்கள் கூட்டை வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக்கினார்கள், பழைய துப்பாக்கியில் நுழையாமல் இருக்கட்டும் என்று. அந்தச் சின்ன நீளத்தைப் பற்றி ஒருவரும் கதை எழுதவில்லை.

என்ஜினீயர் இரண்டாம் பதிப்பில் கடைக் காட்சியை மாற்றச் சொல்கிறார். மாற்றுவதாக இல்லை. ஆனால் அவர் கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பாக, ஒன்று கண்டிருக்கிறார்: ஐம்பது கூடுகளை நிறுத்தி வைத்த மரப்பலகையின் முன் கிழவர் உட்கார்ந்திருக்கையில் விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் எரிவதாக நான் எழுதிவிட்டேனாம். அப்படி எரிந்தால் அவருடைய நிழலே கூடுகளின்மேல் விழும். எந்த மருந்தாயிருந்தாலும் எத்தனை பங்கு விழுந்ததென்று தெரியாது. அது சரி. விளக்கை முன்னால் கொண்டுவந்து, பலகைக்கு நேர் மேலே தொங்கவிட்டிருக்கிறேன்.