கரைக்கும் தாளும் காக்கும் தாளும்

அச்சேறிய மை ஒருமுறை உலர்ந்துவிட்டால் அதனை அசைத்தல் அரிது என்பது நம் எண்ணம். ஆயினும் தோடம்பழத் தோலில் உறையும் எண்ணெய் அதனை எளிதில் இளக்கிவிடும். அவ்வெண்ணெயின் துணையால் பழைய சஞ்சிகைப் பக்கங்களை ஒட்டுச்சித்திரத்திற்குரிய வண்ணத்தாள்களாக மாற்றும் முறையையும், அதில் இறங்குமுன் வன்னி வாழ் குடும்பத்தினர் கருதவேண்டிய ஒன்றையும் இவ்வாரம் எடுத்துரைப்போம்.

மாணவர்கள் முதலில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் அருகிருக்க, தோடம்பழத் தோலை மெழுகுதிரிச் சுடரருகே பிதுக்கினால் பொறி பறக்கும். ஊதிய பலூன்மீது பிதுக்கினால் அது வெடிக்கும். தோலிலுள்ள லிமொனீன் என்னும் பொருளே இரண்டிற்கும் காரணம். அது தீப்பற்றும், இறப்பரை இளக்கும், எண்ணெய் சார்ந்த அச்சு மையையும் கரைக்கும்.

கையாற் பிதுக்கிய துளி பலூனுக்குப் போதும், பக்கத்திற்குப் போதாது. ஆகவே, அமெரிக்கக் கலைஞர்கள் லிமொனீன் மிகுந்த 'சிட்ராசொல்வ்' என்னும் துப்புரவுத் திரவத்தைக் கைக்கொண்டனர். 1888ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'நேஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகையே அவர்கள் விரும்பிய தாள். அதன் வழவழப்பான பக்கங்களில் வெண்களிமண் பூச்சு உண்டு. மை உள்ளே இறங்காமல் அப்பூச்சின்மேல் தங்குவதால், திரவம் பட்டதும் இடம்பெயர்ந்து ஓடுகிறது. நாளிதழ்த் தாளிலோ மை நாருக்குள் ஊறிவிடும். அங்கே இவ்வித்தை பலிப்பதில்லை.

செய்முறை எளிது. சஞ்சிகையை விரித்து, படங்கள் நிறைந்த பக்கங்களில் திரவத்தைத் தூரிகையால் தடவுக. பல பக்கங்களுக்கு இவ்வாறு தடவியபின், சஞ்சிகையை மூடி மெல்ல அழுத்திக் கால் மணி நேரம் வைத்திடுக. திறந்தால் மலையும் மனிதரும் மறைந்து, பாசி படர்ந்த பாறைபோலவும் மேகம்போலவும் நிறங்கள் கலந்து நிற்கும். கருமையும் நீலமும் செறிந்த படங்களே நல்ல பயன் தரும். பக்கங்களைப் பிரித்தெடுத்து நிழலில் உலர்த்துக.

திறந்த வெளியிலேயே இதனைச் செய்தல் வேண்டும். அடுப்பும் விளக்கும் அருகில் ஆகா. றெஜிபோம் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணமே கரையும்; கண்ணாடிப் பாத்திரமே தக்கது. சாதாரண இறப்பர்க் கையுறைக்கும் பலூனின் கதியே நேருமாதலின் நைத்திரைல் கையுறை அணிக. சிறுவர்க்கு உலர்ந்த தாளைக் கொடுத்தால் போதும்.

வண்ணத்தை ஓடவிட்டு, அதன் போக்கிலேயே அழகு காணும் மரபு நமக்குப் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே தக்காணத்துப் பிஜப்பூர் ஓவியர்கள், நீர்மேல் மிதந்த வண்ணங்களைத் தாளில் ஏந்தி, மெலிந்த குதிரை முதலிய உருவங்களை அமைத்தனர். ஐரோப்பாவிலே 1912ஆம் ஆண்டில் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தில் தாளையும் துணியையும் ஒட்டி, ஒட்டுச்சித்திரத்திற்கு உயர்ந்த இடம் தந்தனர். நம் மாணவர் நீலத்தாளைக் கிழித்து நந்திக்கடலையும், பழுப்புத்தாளை வெட்டிப் பனையையும், செந்நிறத்தால் இரணைமடுவின் மாலை வானத்தையும் ஆக்கலாம்.

இனி, முன்னர்க் குறித்த அந்த ஒன்றுக்கு வருவோம். வன்னியில் தாள் எளிதாய்க் கிடைத்த பொருளன்று. 1990களின் பொருளாதாரத் தடையிலே பயிற்சிக் கொப்பியும் அரும்பொருளாயிற்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது, வீட்டு நூல்களும் பாடசாலை ஏடுகளும் ஆங்காங்கே கைவிடப்பட்டன. உயிரைச் சுமப்பதே பெரும்பாடாயிருந்த காலத்தில் ஏட்டைச் சுமப்பார் யார்? அதனையும் மீறி இன்று ஒரு வீட்டுப் பெட்டியில் பழைய இதழொன்று எஞ்சியிருக்குமாயின், அது தற்செயலாய்ப் பிழைத்த சாட்சியாகும்.

உலகெங்கும் பெருந்தொகையாய் அச்சான அயல்நாட்டுச் சஞ்சிகையில் ஒரு பிரதி கரைந்தால் உலகுக்கு நட்டமில்லை. கோயிற் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலையத்தார் வெளியிட்ட சிற்றிதழ், இறந்தவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டு ஆகியவற்றின் நிலை வேறு. அவை சில நூறு பிரதிகளே அச்சாகியிருக்கும். உங்கள் கையிலுள்ளதே இறுதிப் பிரதியாகவும் இருக்கலாம். ஓர் ஊரின் பெயர்களும், உறவுகளும், தொழில்களும் அதனுள்ளே உள்ளன. மை கரைந்தபின் அவற்றை எவராலும் மீட்க இயலாது.

ஆதலால், தூரிகையை எடுக்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இஃது எங்கே அச்சானது? எந்த ஆண்டினது? வேறெங்கேனும் பிரதி உண்டா? விடை ஐயமாயின் அதனைக் கரைக்கற்க. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைப் படியெடுத்து யாவரும் இலவசமாய்ப் படிக்க வைத்துள்ளது. உங்கள் இதழ் அங்கே உள்ளதா என மாணவர் எவரும் தேடிப் பார்க்கலாம். இல்லையேல் அறியத் தரலாம்.

விடுமுறை நாளொன்றில் வீட்டுப் பழந்தாள்களைக் குடும்பத்தோடு அமர்ந்து இருவேறாய்ப் பிரியுங்கள். ஒரு குவியல் பிள்ளைகளின் சித்திரத்திற்கு ஆகட்டும். மற்றையதைக் கறையான் அணுகாத பெட்டியில் வைத்து, பெட்டிமேல் ஊரின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள்.