வம்சாவளியில் ஒரு வழக்கு
கி.மு. 69இல் அத்தை ஜூலியாவின் இறுதிச் சடங்கில் பேசிய ஜூலியஸ் சீசர், தன் குலம் வீனஸ் தேவியின் வழிவந்தது என்றார். அந்தத் தேவியின் மகன் ஈனியஸ். அவனுடைய கொள்ளுப்பேரன் புரூட்டஸ்தான் பிரிட்டனின் முதல் அரசன் என்று 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஜெஃப்ரி எழுதிவைத்தார். இதை வெறும் கதை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. 1301இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட், போப் எட்டாம் போனிஃபேஸுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். புரூட்டஸ் தீவை மூன்று மகன்களுக்குப் பிரித்தபோது மேலாண்மை மூத்தவன் லோக்ரினுக்கே போனது, ஆகவே ஸ்காட்லாந்து தனக்குக் கட்டுப்பட்டது என்பது அவர் வாதம். ஸ்காட்லாந்தினரோ எகிப்திய பாரோவின் மகள் ஸ்கோட்டாவைத் தங்கள் மூதாதையாக நிறுத்தினார்கள். அப்போது இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த போரில் செத்தவர்கள் நிஜ மனிதர்கள். அரச வம்சாவளியை அச்சிடுகிறவர்கள், எந்தப் பெயர் எந்த உரிமைக்காகப் பயன்பட்டது என்பதையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.