உளியைத் தொட்டால் தீட்டா?

கடந்த ஆண்டுக் காற்றில் முறிந்து, கொட்டில் நிழலிலே உலரவிட்டிருந்த வேப்பங்கிளையொன்றைக் கடைசல் யந்திரத்தில் பூட்டி, அண்மையில் தயிர் மத்து ஒன்று கடைந்துகொண்டிருந்தேன். படலையடியில் நின்று பார்த்த அயலவர் ஒருவர், "அண்ணை, படிச்ச நீங்கள் ஏன் மரத்தோடை மாரடிக்கிறியள்? ஆளைப் பிடிச்சுச் செய்விக்கலாமே?" என்றார். அது மத்தைக் கண்டு எழுந்த கேள்வியல்ல. என் கையைக் கண்டு எழுந்தது. பேனா பிடிக்கும் கை உளி பிடிக்கலாகாது என்பது எம்மவரின் எழுதாச் சட்டம். அதை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் எம் உறவினர் சிலர் வீட்டுக் கராஜிலே பட்டறை வைத்து, தோட்டத்துக்கு வாங்கு செய்து, பெருமையோடு படம் அனுப்புகின்றனர். நாமும் பாராட்டுகிறோம். அங்கே அது ரசனை. கிளிநொச்சியில் அதையே செய்தால் தச்சுவேலை. உளி மாறவில்லை, கடவுச்சீட்டுத்தான் மாறியிருக்கிறது. கடல் தாண்டினால் கழுவுண்டு போகும் இந்த இழிவு சாதியிலிருந்து வந்தது. அதை மூடி மறைப்பதிற் பயனில்லை.

1953 இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், பாடசாலை நேரத்தைக் குறைத்து, மிகுதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று மக்கள் கொதித்தெழுந்தனர்; 1954 இல் அது கைவிடப்பட்டது. அவர்கள் எதிர்த்தது உளியையல்ல, தச்சன் மகனுக்கு மட்டுமே உளி என்ற ஏற்பாட்டை. எல்லார் பிள்ளைக்கும் உளி என்பது அதற்கு நேரெதிரானது. பின்லாந்து 1866 ஆம் ஆண்டிலேயே மக்கள் பாடசாலைகளிற் கைவினையைக் கட்டாய பாடமாக்கியது. இன்றும் அங்கே அது கட்டாயம். எம் நாட்டிலும் 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை எல்லா மாணவருக்கும் வைத்தது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கைவேலைப் பாடமென்றால் 'கணக்கு ஓடாத பிள்ளைக்கு' என்று ஒதுக்கும் பெற்றோர் நாமேயல்லவா?

வன்னியில் இதை வலியுறுத்த எனக்கு இன்னொரு காரணமுண்டு. பழைய மாமரத் துண்டொன்றை அரிந்தபோது வாளின் பல் உடைந்தது. உள்ளே எறிகணைச் சிதறல். மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்தது. அப்பகுதியை வெட்டிக் கழித்துவிட்டு மிகுதியில் ஒரு முக்காலி செய்தேன். 2009 இன் பின் செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மீண்டவர்கள் தறப்பாள், தகரம், பிளாஸ்ரிக் கதிரை என யாவற்றையும் பிறர் தரவே பெற்றார்கள். அன்று அது தவிர்க்கவியலாதது. ஆனால் பெறுவதற்கு மட்டுமே கை என்றாகிவிடலாகாது. தானே செய்த வாங்கைத் தன் முற்றத்திற் போட்டு அமர்வதை வெறும் பொழுதுபோக்கு என்று என்னாற் சொல்ல முடியவில்லை.

காடு அழியுமே என்பர் சிலர். முதிரையும் பாலையும் காட்டிலேயே நிற்கட்டும். அவற்றின் வைரம் புதியவர் உளிக்கு மசியாது. முதிரைத் தூள் சிலருக்குத் தோற்கடியையும் உண்டாக்கும். வளவில் முறிந்த வேம்பு, மா, பலாக் கிளைகளும் மர ஆலையிற் கழித்த துண்டுகளும் வீட்டு வேலைக்குத் தாராளம். தச்சரின் பிழைப்புக் கெடும் என்பர் வேறு சிலர். ஒரேயொரு கழுந்தைச் சீவித் துளையிற் பொருத்திப் பார்த்தவன், பிறகு ஓடாவியாரின் கூலியில் பேரம் பேச நாணுவான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே, ஒரு வாளும் சீவுளியும் இரண்டு உளியும் வாங்குங்கள். முக்காலியிலிருந்து தொடங்குங்கள், மேடுபள்ளமான முற்றத்திலும் அது ஆடாது. வேலையை விறாந்தையின் மறைவிலன்றி, தெருவிற் போகிறவர் காணும்படி முற்றத்திலேயே செய்யுங்கள்.