சாவி யார் கையில்?

மனிதன் பணத்தைக் கண்டான். அதைக் காக்கப் பெட்டியைக் கண்டான். பெட்டிக்குப் பூட்டும் சாவியும் கண்டான். காலம் மாறிற்று. பெட்டி வங்கியாயிற்று, சாவி அட்டையாயிற்று. இன்று அந்த அட்டையும் வேண்டாம், கைப்பேசி ஒன்றே போதும் என்கிறது அறிவியல். மகிழ்ச்சிதான்! ஆனால் இந்தப் புதிய சாவி யார் கையில் இருக்கப் போகிறது? இக்கேள்வியைக் கேட்காமல் கைதட்டுவது முறையன்று என்பதே என் கருத்து.

1967ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் லண்டனின் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி பணம் வழங்கும் இயந்திரத்தை நிறுவிற்று. இந்தியாவுக்கு ஏ.டி.எம். வந்தது 1987இல், மும்பையில். 2016இல் யு.பி.ஐ. பிறந்தது. 2022 ஏப்ரலில், எல்லா வங்கிகளிலும் யு.பி.ஐ. வழியாக அட்டையின்றிப் பணம் எடுக்கும் வசதி வரும் என ரிசர்வ் வங்கி அறிவித்து, அடுத்த மாதமே அதற்கான சுற்றறிக்கையையும் அனுப்பிற்று.

முறை எளிது. இயந்திரத்தில் தொகையைக் குறித்தால் திரையில் கியூ.ஆர். கோடு தோன்றும். அதைக் கைப்பேசியால் படித்து, இரகசிய எண்ணை இட்டால் பணம் வெளியே வரும். இதன் நன்மையை யாரும் மறுக்க முடியாது. அட்டை செருகும் வாயிலில் திருட்டுக் கருவியைப் பொருத்தி, போலி அட்டை செய்யும் கும்பலுக்கு இங்கே வேலையில்லை. "உதவி செய்கிறேன் பாட்டி" என்று அட்டையை வாங்கி, வேறோர் அட்டையைத் திருப்பித் தரும் கயவனுக்கும் இடமில்லை.

பின் என்ன குறை? அறிவியல் மாணவன் என்ற முறையில் இதன் இயக்கத்தைச் சற்று நோக்கினேன். வங்கிக் கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறதோ, அந்த எண்ணுக்குரிய சிம் உள்ள கைப்பேசியில்தான் யு.பி.ஐ. திறக்கும். ஆக, உண்மையான சாவி கைப்பேசிகூட அன்று. வங்கிப் படிவத்தில் எழுதப்பட்ட அந்தப் பத்து இலக்கம்!

எங்கள் தெருவில் பலருக்கு நான் வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்ததுண்டு. கணக்கு அம்மாவின் பெயரில். எண்ணோ மகனுடையது, அல்லது மருமகனுடையது. "எனக்கேதுப்பா போனு? அவன் நம்பரையே போடு" என்பார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கப்பட்டபோது பெண்கள் கையில் ஏ.டி.எம். அட்டை வழங்கப்பட்டது. சுருக்குப் பையில் அந்த அட்டையை வைத்திருக்கும் தாய், தன் பணத்தைத் தானே போய் எடுக்கிறாள். அட்டை மறைந்து கைப்பேசி மட்டுமே சாவி என்றாகிவிட்டால்? பணம் அவளுடையது, சாவி மகனுடையது. எடுத்த செய்தியும் மகனுக்கே போகும். "தம்பி, ஒரு ஐந்நூறு எடுத்துக் கொடேன்" என்று தன் பணத்துக்கே அவள் கைநீட்ட வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல பிள்ளையிடம் கேட்டாலும் கேட்பது கேட்பதுதானே!

"அட்டை மட்டும் பாதுகாப்பா? அதன் உறையிலேயே இரகசிய எண்ணை எழுதி வைப்பவர்கள்தானே இவர்கள்!" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு மருந்து கற்றுக் கொடுப்பது. கையில் இருப்பதைப் பிடுங்குவதன்று. மேலும், கைப்பேசியில் மின்சக்தி தீர்ந்தாலோ, சிக்னல் இல்லாவிட்டாலோ அந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறக்காது.

எனவே நான் வேண்டுவன இரண்டு. முதலாவது, கைப்பேசி வழி வளரட்டும், அட்டையும் இருக்கட்டும். எதை எடுப்பது என்பதைக் கணக்குக்கு உரியவரே முடிவு செய்யட்டும். இரண்டாவது, யார் கணக்கோ அவர் எண்ணையே பதிவு செய்யும்படி வங்கிகள் எடுத்துச் சொல்லட்டும்.

நமக்கும் பங்கு உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது மரக்கன்று நடுகிறோம். கோயில் வளாகத்தைத் தூய்மை செய்கிறோம். அத்துடன் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாகாதா? பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, கேட்பவன் ஏமாற்றுபவன் என்று சொல்லிக் கொடுப்போம். கணக்கில் பணம் கழிந்து இயந்திரம் தராவிட்டால், ஐந்து நாளுக்குள் வங்கி திருப்பி வரவு வைக்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதியையும் சொல்வோம்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். வீட்டாரின் இரகசிய எண்களை நம் நினைவில் வைத்துக்கொள்வதா படிப்பின் பெருமை? அந்த எண்ணை அவர்களே இடக் கற்றுக்கொடுப்பதல்லவா பெருமை! சாவி எந்த வடிவிலும் வரட்டும். அது உழைத்தவர் கையிலேயே இருக்கட்டும்.