எருக்கஞ்செடி விருந்தாளி

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூப் பறிக்கப் போகிறீர்களா? அவிநாசிப் பக்கத்துப் புறம்போக்கானால், உங்களுக்கு முன்பே ஒருவர் செடியில் உட்கார்ந்திருக்கக் கூடும். மஞ்சளும் நீலமுமாகப் பட்டை போட்ட புடவை கட்டினாற்போல் ஒரு வெட்டுக்கிளி! அழகாக இருக்கிறதே என்று குழந்தைகளைத் தொட விடாதீர்கள். எருக்கம்பாலின் விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. பிடித்தால் பீச்சி அடித்துவிடும்.

வெட்டுக்கிளிக்கெல்லாம் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்பீர்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 1870-களில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வானத்தை மறைத்து வந்து, பயிரைத் தின்றதோடு நில்லாமல் துணிமணிகளையும் கடித்துத் தீர்த்தன. 1902-க்குப் பிறகு அதில் ஒன்றைக்கூட யாரும் உயிரோடு பார்க்கவில்லை. அவை முட்டையிட்ட ஆற்றோர மண்ணை, குடியேறிய விவசாயிகள் உழுதுவிட்டார்களாம். முக்கியக் காரணம் அதுதான் என்று கருதுகிறார்கள்.

பிரான்ஸ் தேசத்தின் தெற்கே, கடலுக்குச் சமீபத்தில் க்ரோ என்று ஒரு கூழாங்கல் பொட்டல். தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்கிற இடம். அங்கே மட்டுமே ஒரு வெட்டுக்கிளி உண்டு. பறக்கத் தெரியாது, கல்லின் நிறத்திலேயே இருக்கும். பொட்டலின் பெரும்பகுதி புல்வயலாகவும் பழத்தோட்டமாகவும் ஆனதும், பாவம், அதனால் வேறிடம் போக முடியவில்லை. இப்போது அது ‘மிக மிக ஆபத்தில்’ என்ற வரிசையில் இருக்கிறது. நாய்க்கு மோப்பம் பழக்கிக்கூடத் தேடுகிறார்கள்!

இந்த வரிசைகளெல்லாம் 1964-ல் தொடங்கிய உலகச் சிவப்புப் பட்டியலில் உள்ளவை. ‘கவலையில்லை’, ‘ஆபத்தில்’, ‘அற்றுப் போனது’ என்று பல படிகள். ‘விவரம் போதாது’ என்றும் ஒன்று உண்டு. பூச்சிகளில் பெரும்பாலானவை அந்தப் படியைக்கூட எட்டவில்லை. யாரும் அவற்றைப் பரிசீலித்ததே இல்லை. புலிக்கும் யானைக்கும் கிடைக்கிற மரியாதை பூச்சிக்கு ஏது?

க்ரோவைப் பற்றிப் படித்தபோது நம் கொறங்காடுதான் என் கண்முன் வந்தது. காங்கேயம், தாராபுரம் பக்கம் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல், மேய்கிற ஆடு மாடு. அந்தக் காட்டை உழுதாலும், மனை போட்டு விற்றாலும் மண்ணுக்குள் இருக்கும் முட்டைகளின் கதி என்ன? முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்டது அவிநாசியில்தான். வெட்டுக்கிளிக்குப் பாட யார் வரப் போகிறார்கள்?

பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ கொறங்காடு இருந்தால், ஒரு மூலையையாவது உழாமல் விட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆட்டுக்கும் மேய்ச்சலாயிற்று.