13 பேர் சேர்ந்தார்கள், 5 பேர் தேறினார்கள்: மோட்டன் ஃபீல்டு கதை தெரியுமா?

தோழர்களே, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கு ஏத்த மாதிரி ஒரு சின்ன விமான நிலையமும் இருக்கு. பெயர் மோட்டன் ஃபீல்டு. டிக்கெட் எடுத்துப் போகிற பயணிகள் விமானம் எதுவும் அங்கே வராது. சொந்தமா குட்டி விமானம் வச்சிருக்கிறவங்க வந்து இறங்குவாங்க, கிளம்புவாங்க. அவ்வளவுதான்.

"தகுதி இல்லாதவனுக்கு இடம் கொடுத்தா விமானம் விழுந்துடாதா?" என்று உங்க டைம்லைனில் யாராவது வந்து பாடம் எடுத்தால், அவருக்கு இந்த ஓடுதளத்தைக் காட்டுங்க.

1925-ல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. போரில் கறுப்பின மக்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் தலைப்பு. அவர்களுக்கு அறிவு குறைவு, துணிச்சல் குறைவு, தலைமை தாங்க வராது என்று ஆய்வு மாதிரியே எழுதி வைத்தார்கள். ராணுவத்தில் ஒரு கறுப்பின விமானிகூட உருவாகாமல் பல வருஷம் பார்த்துக்கொண்டார்கள். லாஜிக்கைக் கவனிங்க: உனக்கு ஓட்டக் கற்றுத்தர மாட்டோம், ஏன்னா உனக்கு ஓட்டத் தெரியாது!

சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன் என்ற கறுப்பின இளைஞருக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தர யாருமே முன்வரவில்லை. மனுஷன் கடன் வாங்கி 1929-ல் விமானத்தையே வாங்கிட்டார். பிறகு முதல் உலகப் போரில் பறந்த ஒரு ஜெர்மானிய விமானி உதவி செய்ய, 1932-ல் வணிக விமானி உரிமத்தையும் வாங்கினார். இவர்தான் பின்னாளில் டஸ்கீகி பயிற்சிக்கே தலைமை ஆசிரியர். மாணவர்களுக்கு அவர் 'சீஃப்'.

1941 மார்ச்சில் அதிபர் ரூஸ்வெல்டின் மனைவி எலினோர் டஸ்கீகிக்கு வந்தார். ஆண்டர்சன் ஓட்டிய விமானத்தில் ஏறி ஒரு சுற்று போய் வந்தார். அந்தப் புகைப்படம் நாடு முழுக்கப் போனது. அவர் அறங்காவலராக இருந்த ரோசன்வால்ட் நிதியம் டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்கு 1,75,000 டாலர் கடன் கொடுத்தது. அந்தக் காசில் எழுந்ததுதான் மோட்டன் ஃபீல்டு. கட்டடங்களை வடிவமைத்ததில் முக்கியமானவர்கள் எட்வர்ட் மில்லர், ஜி.எல். வாஷிங்டன். கட்டுமானத்தை நின்று முடித்தவர் ஆர்ச்சி அலெக்சாண்டர், கறுப்பின சிவில் எஞ்சினியர். நம்ம சிவில் பசங்க இந்தப் பெயரைக் குறிச்சு வச்சுக்கணும்!

இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுக்க, கறுப்பின ராணுவ விமானிகளுக்கு ஆரம்பப் பயிற்சி தர அந்த நாட்டில் இருந்த ஒரே இடம் இதுதான். முதல் பேட்ச்சில் 13 பேர். 1942 மார்ச் 7 அன்று விமானி பட்டம் பெற்றவர்கள் 5 பேர் மட்டுமே. மீதி 8 பேர் வெளியே. 'சலுகை கொடுத்துத் தேற்றிவிட்டார்கள்' என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அந்த ஐவரில் ஒருவர் பெஞ்சமின் டேவிஸ். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் நாலு வருஷம் சக மாணவர்கள் இவரோடு பேசவே இல்லை. சாப்பாட்டு மேஜையிலும் பேச்சு கிடையாது. அதையும் தாங்கிப் படித்து முடித்தவர். 1946-க்குள் கிட்டத்தட்ட 1000 விமானிகள் டஸ்கீகியிலிருந்து வந்துவிட்டார்கள்.

இதைச் சமத்துவம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளை மாதிரி, அது தனித் தளம், தனிப் படைப்பிரிவு. கறுப்பின அமைப்புகளே இந்தப் பிரிவினையைக் கண்டித்தன. போர்த்துறையில் ஆலோசகராக இருந்த வில்லியம் ஹேஸ்டி இதை எதிர்த்து 1943-ல் பதவியையே ராஜினாமா செய்தார். ராணுவத்தில் பாகுபாடு கூடாது என்ற அதிபர் ட்ரூமனின் ஆணை வந்தது 1948 ஜூலையில்தான்.

போர் முடிந்ததும் மோட்டன் ஃபீல்டு மூடப்பட்டு, கட்டடங்கள் பாழடைந்தன. 1998-ல்தான் தேசிய வரலாற்றுத் தலம் என்று சட்டம் வந்தது. 2008-ல் பழைய விமானக் கொட்டகை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆனா 2025 ஜனவரியில் என்ன நடந்தது தெரியுமா? பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்தும் ட்ரம்ப்பின் உத்தரவைக் காரணம் காட்டி, புதிய வீரர்களுக்கான பாடத்திலிருந்து இந்த விமானிகளைப் பற்றிய வீடியோவை அமெரிக்க விமானப் படை எடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு சில நாளில் திரும்பச் சேர்த்தார்கள்.

கடைசியா நம்ம பசங்களுக்கு ஒரு வேண்டுகோள். இவர்கள் பாதுகாப்புக்குப் போனபோது ஒரு குண்டுவீச்சு விமானம்கூட எதிரியிடம் விழவில்லை என்று ஒரு ஃபார்வர்டு சுத்துது. கேட்கப் பெருமையா இருக்கும், ஆனா உண்மை இல்லை. அமெரிக்க விமானப் படையின் வரலாற்று ஆய்வாளர் டேனியல் ஹால்மன் ஆவணங்களைப் புரட்டி, 27 விமானங்கள் இழக்கப்பட்டன என்று கண்டார். அதே படையின் மற்ற பாதுகாப்புப் பிரிவுகளின் சராசரி இழப்பு 46. அந்த 27-ஐ மறைக்க நமக்கு என்ன அவசியம்? மத்தவங்க 46 விட்டாலும் அவங்க விமானிதான். நம்மாளு ஒண்ணுகூட விடாமல் இருந்தால்தான் ஒத்துக்குவோம் என்பதும் அந்த 1925 அறிக்கையின் புத்திதானே? அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு உங்க குரூப்பில் வந்தால், அழிக்க வேண்டாம். கீழே 27, 46 என்ற இரண்டு எண்ணையும் டைப் பண்ணி அனுப்பிவிடுங்க.